முதலுதவிப் பஞ்சு

ஆட்டின் இடது காது முடிந்துவிட்டது. வலது காதுதான் பிடி கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடக் கழிவறைச் சுவருக்குப் பின்னால் மண்டி போட்டு, ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்த பஞ்சோடு பகலவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆடு அவன் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை மென்றபடியே தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது.

"சார்!" ஜன்னலிலிருந்து ஒரு பையன் கத்தினான். "மூணாவது கேள்வி புரியல சார்!"

"இன்னொரு தடவ படிச்சுப் பாரு, புரியும்!"

"படிச்சுட்டேன் சார். நீங்க அங்க இன்னா சார் பண்றீங்க?"

"ஆட்டுக்கு ஜொரமான்னு பாக்கறேன். நீ எழுதுடா!"

ஜன்னலில் தலை மறைந்தது. வலது காதிலும் பஞ்சு இறங்கியது. பகலவன் பேனாவை மீட்டுக்கொண்டு எழுந்தான். முழங்காலில் ஆட்டுப் புழுக்கை. மூடியில் பல் தடம். பரவாயில்லை. ஒரு ஊரையே காப்பாற்றுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

மூங்கில்பாறை தொடக்கப்பள்ளிக்கு அவன் ஒருவன்தான் வாத்தியார். இன்னொரு டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப்போய்விட்டார். அதனால் பாடம் நடத்துவது, மணி அடிப்பது, ஒன்றாம் வகுப்புக்கு மூக்குச் சிந்தி விடுவது எல்லாம் எலவனாசூர்கோட்டைப் பகலவன்தான். இன்று காலாண்டின் கடைசிப் பரீட்சை, அறிவியல். மேலிடத்துக் கேள்வித்தாள் மலை ஏறி வராததால், கேள்விகளைக் கரும்பலகையில் அவனே எழுதிப் போட்டிருந்தான். பரீட்சை முடிந்தால் லீவு.

லீவுதான் பிரச்சினையே.

கீழே தார் ரோட்டில் தனசேகரன் மேஸ்திரியின் வேன் நேற்றிலிருந்து நிற்கிறது. கச்சிராயபாளையத்துக்காரர். வருஷம் தவறாமல் காலாண்டு லீவு விடுகிற நாளாகப் பார்த்து மலையேறி வருவார். குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போவார். களையெடுப்பில் ஆரம்பித்துப் பழம் பறிப்பு முடியும்வரை அங்கே வேலை. பெற்றவர்கள் பறிப்பார்கள், சிந்தியதைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். பொங்கல் கழிந்து திரும்பி வரும்போது அந்த விரல்களுக்குப் பென்சில் பிடிப்பதே மறந்திருக்கும்.

சில விரல்கள் திரும்பி வருவதே இல்லை. போன வருஷம் ஐந்தாம் வகுப்பு இளஞ்செழியன் போனான். இன்னும் அங்கேயே மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான். அவன் தங்கை பவானி நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசிக்கிற பிள்ளை இந்த ஊரில் அவள் ஒருத்திதான். பொட்டுக்கடலை மடித்து வந்த பேப்பரைக்கூட விடமாட்டாள். கடலை தீர்ந்த பிறகும் பேப்பர் அவள் கையில்தான் இருக்கும்.

அந்தப் பேப்பர் அவள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் பகலவனின் ஒரே வேண்டுதல்.

அதற்காக நேற்று வீடு வீடாக ஏறி இறங்கினான். "நீங்க வேணா போயிட்டு வாங்க. புள்ளைங்கள இட்டுக்கினு போகாதீங்க. லீவுல நான் ஊருக்குப் போகல. பள்ளிக்கூடத்துலயே தங்கிப் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினான். எல்லா வீட்டிலும் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். பதில் கொடுக்கவில்லை. பவானியின் அப்பா வெற்றிசெல்வன் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "பாக்கலாம் சார்."

'பாக்கலாம்' என்றால் 'முடியாது' என்று பகலவனுக்குத் தெரியும். அவன் மாற்றல் கேட்டுக் கொடுத்த மனுவுக்கும் ஆபீசில் அதைத்தான் சொன்னார்கள்.

காலையில் சத்துணவுக்கு அடுப்பு மூட்ட வந்த செல்லியம்மாள் ஒரு சேதி கொண்டுவந்தாள். "இன்னைக்கு சாயங்காலம் ஆட்டக் கேக்கறாங்களாம் சார்."

மலையில் பெரிய காரியம் எதுவும் ஆட்டைக் கேட்காமல் நடக்காது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற அம்மன் கோயிலுக்கு முன்னால், நேர்ந்து விட்ட ஆட்டை நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலை முதல் வால் வரை ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சரி என்று சொல்லிவிட்டாள். சிலுப்பாமல் நின்றால் கூடாது என்று அர்த்தம். மேல்முறையீடு கிடையாது.

செல்லியம்மாள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பகலவன் அதற்குள் முதலுதவிப் பெட்டியைத் திறந்துவிட்டான்.

ஆடு சிலுப்பினால் வேன் நிறைந்து போகும். சிலுப்பாவிட்டால் காலியாக இறங்கும். ஆடு ஏன் சிலுப்புகிறது என்று அறிவியல் நடத்துகிறவனுக்குத் தெரியாதா? காதில் தண்ணீர் போகிறது, கூசுகிறது, உதறுகிறது. காதை அடைத்துவிட்டால் அம்மனுக்கு லைன் கிடைக்காது.

கணக்கு சரிதான். ஆட்டைத்தான் அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

அவன் வகுப்புக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்த நிமிஷம் வெளியே கழுத்து மணி கிணுகிணுத்தது. எட்டிப் பார்த்தான். ஆடு சிலுப்பிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி சிலுப்பியது. கட்டியிருந்த மரத்தில் தலையைத் தேய்த்தது. மறுபடியும் சிலுப்பியது.

பஞ்சு அரிக்கிறது.

கோயிலைப் பெருக்க வந்த பூசாரி காத்தான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடி ஆத்தா! தண்ணியே ஊத்தல, அதுக்குள்ள எறங்கிட்டியா! இந்த வருசம் அம்மாளுக்கு அவசரம் ஜாஸ்தி."

"இன்னாய்யா ஆட்டுக்கு?" வேனிலிருந்து ஏறி வந்த தனசேகரன் கேட்டார்.

"ஆட்டுக்கு ஒண்ணுமில்ல மேஸ்திரி. அம்மா வந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் காக்க வெக்கறது தப்பு. இப்பவே கேட்டுடலாம். ஊரக் கூப்புடு!"

தனசேகரன் முகம் சுருங்கியது. உள்ளே பொங்குகிற சந்தோஷத்தை மறைக்க என்ன பாடுபடுகிறார் பார் என்று பகலவன் பல்லைக் கடித்தான். ஓடி வாசலுக்கு வந்தான்.

"பூசாரி! பரீட்ச நடக்குது!"

"அது பாட்டுக்கு நடக்கட்டும் சார். நாங்க மேளம் இல்லாம கேட்டுக்கறோம்."

"புள்ளைங்க எல்லாம் ஆட்டையே பாத்துக்கினு இருக்கும். பரீட்ச முடியட்டும், அப்புறம் கேளுங்க."

"எப்ப முடியும்?"

"இன்னும்... நெறய கேள்வி இருக்குது."

திரும்பிப் போய்க் கரும்பலகையில் இருந்த கேள்விகளுக்குக் கீழே மளமளவென்று புதுக் கேள்விகளை எழுதத் தொடங்கினான். வகுப்பு ஒரே குரலில் முனகியது.

"சார், முடிச்சுட்டோம் சார்!"

"இது கூடுதல் மார்க்கு."

"எங்களுக்கு மார்க்கு போதும் சார்!"

ஒன்றாம் வகுப்பு எழில்மதி சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்குப் பரீட்சையே கிடையாது. எல்லாரும் முனகுவதால் அவளும் சேர்ந்துகொண்டாள்.

வெளியே சனம் சேர்ந்துவிட்டது. பவானியின் அம்மா பொன்னாயி மட்டும் ஜன்னலோரம் வந்து, கதவை ஒரு மாதிரி பார்த்தாள். "இதுக்கு உள்தாப்பா இருக்குதா சார்?"

"இருக்கு. ஏன்?"

"சும்மாதான். மழ பேஞ்சா ஒழுகுமா?"

"மூலையில லேசா ஒழுகும்."

"அந்த மூலைல மட்டும் படுக்காம..." என்று எதையோ சொல்ல வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். குடகுக்குக் கிளம்புகிறவள் அண்டா குண்டாவை இங்கே அடைக்க இடம் பார்க்கிறாள். பகலவன் சாக்பீஸை அழுத்தி அடுத்த கேள்வியை எழுதினான்.

வெளியே ஆடு நிற்காமல் சிலுப்பிக்கொண்டிருந்தது. பஞ்சை எடுக்கலாம் என்றால் ஊரே சுற்றி நிற்கிறது. அவன் சத்துணவுக்கூடத்துக்கு ஓடினான்.

"செல்லிம்மா, கொஞ்சம் எண்ண குடு. லேசா சூடு பண்ணி."

"எதுக்கு சார்?"

"ஆட்டுக்குக் காது வலி."

"தலைக்குத் தேச்சுக் குளிப்பாட்டி சாம்பிராணியும் போட்டுடலாமா?" என்றாள் செல்லியம்மாள். ஆனால் கொடுத்தாள். அவள் பக்கத்தில் புதிதாக ஒரு மூட்டை அரிசி இருந்தது. லீவு விடுகிற நாளில் எதற்கு அரிசி என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்க நேரம் இல்லை.

"நகருங்க, நகருங்க. மருந்து!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஆட்டின் காதுகளில் இதமான சூட்டில் எண்ணெயை விட்டான். பஞ்சு ஊறியது. அரிப்பு அடங்கியது. ஆடு கண்ணை மூடியது. கால்கள் தளர்ந்தன. மரத்தில் சாய்ந்து, எண்ணெய்க் குளியல் முடித்த ஜமீன்தார் மாதிரி உறங்க ஆரம்பித்தது.

பகலவன் மூச்சு விட்டான். காத்தான் விடவில்லை.

"இன்னா சார் ஊத்தினீங்க? அம்மா போயிட்டாளே!" பூசாரி ஆட்டின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். கையை எடுத்ததும் தாடை தொங்கியது. "இது நோவு கண்ட ஆடு. நோவு கண்ட ஆடு உத்தரவு சொல்லக் கூடாது. வெற்றிசெல்வா, உன் பட்டியில கருங்கெடா ஒண்ணு இருக்குதே, அத ஓட்டிக்கினு வா!"

பகலவன் பட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். கருங்கிடாய்! காதில் பஞ்சு இல்லாத கருங்கிடாய்! முதலுதவிப் பெட்டியில் மிச்சம் இருப்பது ஒரு கத்தரிக்கோலும் காலாவதியான களிம்பும்தான்.

"கூடாது!" என்று கத்தினான். "அம்மனுக்குன்னு நேந்து உட்ட ஆடு இது. இத உட்டுட்டு வேற ஆட்டக் கேட்டா அம்மனுக்கே அவமரியாத. அவ பேசணும்னு நெனச்சா எந்த ஆட்டுலயும் பேசுவா!"

கூட்டம் அசந்துபோனது. கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத வாத்தியாரா இது?

அப்போதுதான் பவானி எழுந்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, வகுப்பில் பதில் சொல்கிற அதே தெளிவான குரலில் கேட்டாள்.

"சார், காதுல தண்ணி போறதாலதான் ஆடு உடம்ப உதறுதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? மூணாவது கேள்வியே அதானே சார்?"

ஊர் மொத்தமும் பகலவனைத் திரும்பிப் பார்த்தது. காத்தானின் கண்கள் சிவந்தன.

"புள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லித் தரீங்களா சார்? அம்மா பேசலன்னா? காதுல தண்ணின்னா?"

தனசேகரன் ஒரு பீடியைப் பற்றவைத்தார். "அப்ப ஆட்டயே கேக்க வேணாம் போல. வாத்தியாரயே கேட்டுடலாம்."

நாலு பேர் சிரித்தார்கள். நாற்பது பேர் சிரிக்கவில்லை. எங்கேயோ இருந்த கருங்கிடாய் நெருங்கி வருவது பகலவனின் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கணம்தான் யோசித்தான்.

"அது பாடத்துக்காக சொன்னது பவானி. இது சாமி. வேற."

பவானி அவனையே பார்த்தாள்.

"அப்ப எது சார் நெஜம்?"

"இதுதான்" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் உட்கார்ந்தாள். பக்கத்துப் பையனிடம் ரப்பர் கடன் வாங்கினாள். மூன்றாவது பதிலை, வரி வரியாக, நிதானமாக அழித்தாள்.

இந்தப் பிள்ளை ஒரு வருஷம் சேர்த்ததை ஒரு நிமிஷத்தில் நாமே அழிக்க வைத்துவிட்டோம் என்று அவனுக்குப் பட்டது. படட்டும். அவள் இங்கே இருந்தால் மறுபடி எழுத வைத்துவிடலாம். குடகுக்குப் போனால் எதில் எழுதுவது?

"வார்த்தைல சொன்னா போதாது" என்றார் காத்தான். தட்டில் கற்பூரம் ஏற்றினார். "அம்மா எது சொன்னாலும் கட்டுப்படறேன், எதுத்துப் பேசமாட்டேன்னு கற்பூரத்து மேல கை வெச்சு சொல்லுங்க. அப்பதான் இந்த ஆட்டக் கேப்பேன்."

பகலவன் கையை நீட்டினான். உள்ளங்கை சுட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னலில் அடைந்து நின்று பார்க்க, சொன்னான்.

"கட்டுப்படறேன். எதுத்துப் பேசமாட்டேன்."

ஆட்டைக் கோயில் முன்னால் இழுத்து வந்தார்கள். அது வர மனமில்லாமல், கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தது. பரீட்சை தானாகவே முடிந்துபோயிருந்தது. பிள்ளைகள் வெளியே வந்து பெற்றவர்களின் கால்களுக்கு நடுவே நின்றார்கள்.

கேள்வியை உரக்கக் கேட்பது வழக்கம் இல்லை. காத்தான் குனிந்து ஆட்டின் காதில் வாய் வைத்து நீளமாக முணுமுணுத்தார். அந்தக் காதில் இருந்த பஞ்சையும் எண்ணெயையும் தாண்டி ஒரு சொல்லாவது உள்ளே போயிருக்குமா என்பது அம்மனுக்கே வெளிச்சம்.

முதல் சொம்பு. கொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்து காது, கழுத்து, முதுகு என்று இறங்கியது. ஆடு அசையவில்லை.

"அம்மா, வாய் தொற ஆத்தா."

இரண்டாவது சொம்பு. ஆடு வேப்பிலையைப் பார்த்தது. தின்னலாமா என்று யோசித்தது.

பகலவனின் பார்வை பவானி மேல் விழுந்தது. இரண்டு கைகளையும் இறுகக் கோத்து, கண்ணை ஆட்டின் மேலேயே வைத்து, உதடு மட்டும் அசைய அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"சிலுப்பு... சிலுப்பு... சிலுப்பிடு..."

அவனுக்குச் சுருக்கென்றது. இவளுமா? இத்தனை படித்தும் இவளுக்கும் அந்த வேனில் ஏறத்தான் ஆசையா? அப்புறம் புரிந்தது. அண்ணன் அங்கே இருக்கிறான். ஒரு வருஷமாகப் பார்க்காத அண்ணன். 'மன்னிச்சுடு பவானி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

மூன்றாவது சொம்பு. காத்தான் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். சொம்பைக் கவிழ்த்துத் தட்டினார்.

ஆடு கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது.

"உத்தரவு இல்ல" என்றார் காத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பொன்னாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெற்றிசெல்வன் மகளின் தலையில் கை வைத்தான், பிறகு எடுத்துக்கொண்டான். கூட்டம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கலைந்தது. வேலை போகிறதே என்ற கவலை, பாவம். இருக்கத்தானே செய்யும்? நாளைக்கே கள்ளக்குறிச்சிக்குப் போய் இவர்களுக்கு இங்கேயே வேலை கேட்டு மனு கொடுக்க வேண்டும் என்று பகலவன் முடிவு செய்தான். அந்த ஆபீசர் 'பாக்கலாம்' என்று சொன்னாலும் சரி, அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

தனசேகரன் பீடியை மிதித்து அணைத்துவிட்டு அவனுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டார். "நல்ல ஆடு சார்" என்றார். தோற்றாலும் பெருந்தன்மையான ஆள்தான்.

எல்லாரும் போன பிறகு ஆட்டை மறுபடி பள்ளிக்கூட மரத்தில் கட்டினான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இடது காதுப் பஞ்சை உருவினான். வலது காதுப் பஞ்சையும் உருவினான்.

ஆடு ஒரு கணம் ஆச்சரியமாக நின்றது. பிறகு கொம்பிலிருந்து வால் நுனி வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள்! அப்படிப்பட்ட சிலுப்பலை மூங்கில்பாறை அம்மன் தன் ஆயுளில் பார்த்திருக்க மாட்டாள். மஞ்சள் தண்ணீர் பகலவனின் முகம், சட்டை, சுவர் எல்லாவற்றிலும் தெறித்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

"இப்ப சிலுப்பு ராசா! எவ்ளோ வேணா சிலுப்பு!"

கீழே ரோட்டில் ஹாரன் கேட்டது. ஒரு முறை. மறுபடி நீளமாக.

சிரிப்பு பாதியில் நின்றது. காலி வேன் யாருக்கு ஹாரன் அடிக்கிறது?

அவன் ஓடினான். பாறையைத் தாண்டி, சாமைக் கொல்லையைச் சுற்றி, செருப்பு ஒன்று கழன்று விழ, ரோடு தெரிகிற மேட்டுக்கு வந்தபோது வேன் முதல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கூரைமேல் மூட்டைகள். உள்ளே தலைகள், பெரிசும் சிறிசுமாக. பின்கதவுக்கு மேலே எழில்மதியின் சிலேட்டு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை, ஆட்டாமல் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

"நிறுத்துங்க!" என்று கத்தினான். வேன் வளைவுக்குள் மறைந்தது.

திரும்பி வந்தபோது பள்ளிக்கூட வாசலில் செல்லியம்மாள் அந்த அரிசி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் மடித்து வைத்த போர்வைகள் சில இருந்தன. வீடுகளிலிருந்து வந்த பழைய போர்வைகள். பகலவனின் கையில் எண்ணெய்ப் பஞ்சு இன்னும் இருந்தது.

"செல்லிம்மா... உத்தரவு இல்லன்னுடுச்சே! அம்மாதான் போவ வேணாம்னு சொல்லிட்டாளே! அப்புறம் எப்புடிப் போறாங்க?"

செல்லியம்மாள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"போலாமான்னு எவன் சார் கேட்டான்? போறது போன மாசமே முடிவான கத. நேத்து நீங்க வூடு வூடா வந்து கெஞ்சினத பாத்து மனசு எளகித்தான், 'புள்ளைங்கள வாத்தியாருகிட்ட உட்டுட்டுப் போலாமா'ன்னு ஆட்டக் கேட்டாங்க."